ரெண்டு சைஸ் பெருசு

ஆத்தா,

போன சனிக்கிழமை மத்தியானம் நீ தூத்துக்குடியிலிருந்து போன் செய்து, "அப்பா, இங்கன கடையில நீந்தும்போது கால்ல மாட்டுற ஃபின்ஸ் ரெண்டு மாதிரி இருக்கு. கால முழுசா மூடுறது ஒண்ணு, பின்னால வார் வச்சது ஒண்ணு. எது எடுக்க? ஒங்களுக்குத்தான கால் தெரியும்" என்று கேட்டாய். நான், "கடையில ஆள் நிக்கிது, அப்பறம் பேசுறேன்" என்று சொல்லி வைத்துவிட்டேன். கடையில் ஈ காக்கா இல்லை. கல்லாவில் நான் ஒருத்தன்தான் உட்கார்ந்திருந்தேன். பதினைந்து வருடமாக நம் வீட்டில் யாரும் வாயெடுத்துச் சொல்லாத பொருளை நீ என்னிடம் அவ்வளவு சாதாரணமாகக் கேட்டுவிட்டாய். போனில் சொல்லலாம் என்று நான்கு தடவை உன் எண்ணை எடுத்தேன். உன் குரலைக் கேட்டால் பாதியில் நிறுத்திவிடுவேன் என்று தெரிந்ததால் எழுதுகிறேன். இதோடு ஒரு செருப்புப் பெட்டியும் பார்சலில் வருகிறது. இதைப் படித்து முடிக்கிற வரைக்கும் அதைப் பிரிக்காதே.

முதலில் வியாபாரத்தைப் பேசிவிடுகிறேன். எனக்கு வருவது அதுதான். கம்பத்தில் முப்பது வருடமாகச் செருப்பு விற்கிறவன், எத்தனையோ ஆயிரம் காலைக் கையில் பிடித்துப் பார்த்தவன். உன் கால் எனக்கு நன்றாகத் தெரியும். முன்பக்கம் அகலம். மேல்பக்கம் சற்று மேடு. இரண்டாவது விரல் கட்டைவிரலை விட ஒரு நெல் அளவு நீளம். வலது கால் இடது காலை விடக் கொஞ்சம் பெரிது. செருப்புக்கு ஆறாம் நம்பர். நீ கேட்ட பிறகு, கடையில் ஆள் இல்லாத நேரத்தில் எல்லாம் போனில் அந்தக் கால்துடுப்புகளைப் பற்றியே பார்த்துக்கொண்டிருந்தேன். முழுக்க மூடுகிற மாதிரியை வெறுங்காலில் மாட்டுவார்கள். லேசாக இருக்கும், நீச்சல்குளத்துக்கும் சும்மா மேலாக நீந்துவதற்கும் அது போதும். பின்னால் வார் வைத்ததை, ரப்பர் காலுறை மாதிரி ஒன்றைப் போட்டு அதன்மேல் மாட்ட வேண்டும். நீ கடல் படிப்புக்காகப் படகிலிருந்து இறங்கி ஏறப்போகிறவள், பாறையும் சிப்பியும் கிடக்கிற இடத்தில் கால் ஊன்றப்போகிறவள். முதுகில் காற்று உருளை வேறு. உனக்கு வார் வைத்ததுதான் சரி. அதிலும் வாருக்குப் பதில் ஸ்பிரிங் வைத்தது கிடைத்தால் அதை எடு. இழுத்து மாட்டினால் ஆயிற்று.

சாயங்காலமாகப் போய் வாங்கு. காலையில் இருக்கிற கால் சாயங்காலம் இருக்காது, கொஞ்சம் வீங்கியிருக்கும். அந்தக் காலுறையைப் போட்டுக்கொண்டே மாட்டிப் பார், வெறுங்காலில் பார்த்துவிட்டு வராதே. வலது காலுக்குப் பொருந்துகிறதா என்று முதலில் பார். விரல் நுனி மடங்கக் கூடாது, ஆனால் உள்ளே விரல் விளையாடவும் கூடாது. உட்கார்ந்து காலைத் தூக்கி நன்றாக உதறு. குதிகால் துளி எழும்பினாலும் அந்த ஜோடியைக் கழற்றி வைத்துவிடு. முன்னால் தட்டையாக நீளுகிற பலகையைக் கையால் வளைத்துப் பார். கல் மாதிரி விறைத்து நிற்பதை எடுத்தால் அரை மணியில் உனக்குக் கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும். கடைக்காரன், "போகப் போகச் சரியாயிரும்" என்பான். நானும் முப்பது வருடமாக அதைத்தான் சொல்கிறேன். நம்பாதே.

நீ எதை எடுக்கப் பார்ப்பாய் என்றும் எனக்குத் தெரியும். முழுக்க மூடுகிறதைத்தான். அது உனக்கு வசதி என்பதால் இல்லை. அதில் வாரை இழுத்துக் கட்ட வேண்டியதில்லை என்பதால். ஏன் அப்படி என்று உனக்கும் எனக்கும் தெரியும். உனக்குத் தெரியாத மிச்சம் ஒன்று இருக்கிறது, அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நம் பக்கத்தில் பிள்ளைகளுக்குச் செருப்பு வாங்க வருகிறவர்கள் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வருவதில்லை, உனக்கே தெரியும். விளக்குமாற்றில் ஓர் ஈர்க்கை உருவி, பிள்ளையின் காலுக்கடியில் வைத்து அளந்து, ஒடித்து, மடியில் முடிந்துகொண்டு வருவார்கள். சுருளிப்பட்டியிலிருந்து திராட்சைத் தோட்டத்து வேலை முடிந்து வருகிற பொம்பளைகளிடம் மூன்று பிள்ளைக்கு மூன்று ஈர்க்கு இருக்கும். நான் அதை வாங்கி அளந்துவிட்டு ஒரே பாட்டைப் பாடுவேன். "வளர்ற புள்ளம்மா. ரெண்டு சைஸ் பெருசா எடுங்க. முன்னால துணியத் திணிச்சு விடுங்க, அடுத்த வருசத்துக்கும் ஓடும்." அவர்களுக்கும் அதுதான் வேண்டும். பள்ளிக்கூடம் திறக்கிற ஜூன் மாதத்தில் கம்பத்துத் தெருவில் தொளதொளவென்று சூ போட்டுக்கொண்டு போகிற பிள்ளைகளில் பாதி என் கடைப் பிள்ளைகள். அதில் எனக்குப் பெருமை வேறு.

அப்போது உன் அண்ணன் கதிருக்குப் பதினாலு வயது. மாவட்ட நீச்சல் போட்டிக்குத் தேனிக்குப் போய்விட்டு வந்து, "நீச்சல் மாஸ்டரு ஃபின்ஸ் போட்டுப் பழகச் சொன்னாகப்பா. காலுக்குப் பலம் வருமாம்" என்று பின்னாலேயே சுற்றினான். நான் முதலில், "ஆமா, மீனுக்குக் காலு மொளைக்கிற மாதிரி ஒனக்கு வாலு மொளைக்கணுமாக்கும்" என்று கேலி செய்தேன். அவன் விடவில்லை. சரக்கு எடுக்க மதுரைக்குக் கிளம்பின அன்றைக்கு, அவன் தூங்கிக்கொண்டிருக்கும்போதே ஈர்க்கை வைத்து அளந்து ஒடித்து எடுத்துக்கொண்டேன். அவனைக் கூட்டிப்போயிருக்கலாம். பஸ்ஸில் இடம் இருந்தது, லீவு நாளும்கூட. அளவு எடுத்தால் போதாதா, ஆள் எதற்கு என்று நினைத்தேன்.

மதுரையில் விளையாட்டுச் சாமான் கடையில் அவன் அளவுக்குச் சரியான ஜோடி இருந்தது. காலை முழுக்க மூடுகிற மாதிரி, நீல நிறம். அதைக் கையில் வைத்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்து, ரெண்டு சைஸ் பெரிதாகக் கேட்டேன். அந்தக் கடைக்காரர் என்னைவிட இளையவர்தான், ஆனால் விவரம் தெரிந்தவர். "அண்ணே, இது செருப்பு இல்லண்ணே. தரையில செருப்பு கழண்டா நின்னு மாட்டிக்கலாம். தண்ணிக்குள்ள எங்க நிப்பீங்க? அளவா எடுங்க" என்றார். அவர் சொன்னது ஒவ்வொரு எழுத்தாக எனக்கு இன்றைக்கும் காதில் இருக்கிறது. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "செருப்புக்கடைக்காரன்கிட்டயே அளவு சொல்றீகளா? நான் பாக்காத காலா? வளர்ற புள்ள, அவனுக்கு மூணு வருசம் ஓடணும்" என்றேன். அவர் பெரிய ஜோடியைக் கட்டிக் கொடுத்துவிட்டார். நான் ஜெயித்துவிட்ட மாதிரி வெளியே வந்தேன்.

வீட்டுக்கு வந்து நானேதான் பழைய பனியனைக் கிழித்து முன்னால் திணித்தேன். குதிகால் பக்கம் கம்பியைக் காய்ச்சி இரண்டு ஓட்டை போட்டு, கடையில் பெட்டி கட்டுகிற நைலான் கயிற்றைக் கோத்துவிட்டேன். புறங்காலுக்கு மேலே இழுத்து ஒரு முடிச்சுப் போட்டால் கச்சிதமாக நிற்கும் என்று காட்டினேன். தரையில் நின்றது. அவன் வாசலில் வாத்து மாதிரி நடந்து காட்டியதைப் பார்த்து நீ விழுந்து விழுந்து சிரித்தாய். நான் அவன் காதைப் பிடித்து, "தொலைச்சுட்டு வந்தே, தோல உரிச்சுருவேன். சாமான் என்ன கஷ்டப்பட்டு வாங்கிட்டு வந்துருக்கேன்" என்றேன். செல்லமாகத்தான் சொன்னேன் என்று எத்தனையோ தடவை எனக்கு நானே சொல்லிப் பார்த்திருக்கிறேன். அப்படி இல்லை ஆத்தா. அவன் பயந்த பிள்ளை. எனக்குப் பயந்த பிள்ளை. அது தெரிந்துதான் சொன்னேன்.

அந்தச் சனிக்கிழமை காலையில் நான் கடையில் இருந்தேன், உன் அம்மா தோட்டத்தில் பழம் வெட்டப் போயிருந்தாள். முதல் போக நெல்லுக்கு அணையில் தண்ணீர் விட்டு நாலைந்து நாள்தான், சுருளிப்பட்டி ஆறு கரை நிறையப் போனது. நீ கரையில் அவன் சட்டையைக் காவல் காத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். அவன் உன்னைத்தான் கட்டிவிடச் சொன்னான், நீ இரண்டு காலுக்கும் கட்டிவிட்டாய். அன்றைக்குச் சாயங்காலம் நீ விக்கி விக்கிச் சொன்னதை நான் மறக்கவில்லை. அவன் அக்கரை வரைக்கும் போய் நல்லபடியாகத் திரும்பி வந்தான். கரைக்கு இரண்டு ஆள் தூரம் இருக்கும்போது இடது காலில் இருந்தது கழன்று மிதந்து போனது. அவன் உன்னைப் பார்த்து, "அய்யய்யோ பாப்பா, அப்பா வைவாரு" என்று சொல்லிவிட்டுத் திரும்பி அதைப் பிடிக்கப் போனான். தடுப்பணைப் பக்கம் போகிற வேகத்துக்குள் போனான். அவ்வளவுதான் நீ பார்த்தது.

அவன் கரைக்கு வந்துவிட்டான் ஆத்தா. என் பிள்ளை கரைக்கு வந்துவிட்டுத் திரும்பிப் போனான். ஆற்றுக்குப் பயப்படவில்லை, எனக்குப் பயந்தான். இதை எழுதிவிட்டுக் கொஞ்ச நேரம் எழுந்து போய் நின்றுவிட்டு வந்துதான் மறுபடி உட்கார்கிறேன்.

தடுப்பணைக்குக் கீழே அவனை எடுத்தபோது இரண்டு காலிலும் ஒன்றும் இல்லை. வீட்டில் கிடத்தியிருந்தபோது உன் அம்மா என் சட்டையைப் பிடித்து உலுக்கினாள். "நெதமும் நீந்துற புள்ளைங்க. எப்புடிங்க போவான்? எப்புடிங்க?" என்று கேட்டாள். ஊரே நின்றது. நீ நிலைப்படியில் அவன் சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாய். நான் சொன்னேன், "பாப்பா சரியாக் கட்டல போலருக்கு. முடிச்சு அவுந்துருச்சு." உன் முகத்தைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னேன். உன் அத்தை வேறு, "சின்னப்புள்ளைக்கு என்ன தெரியும், விடுங்க" என்று உன் தலையைத் தடவிக் கொடுத்தாள். அந்த ஆறுதலோடு அது முடிவாகிவிட்டது. ஒன்பது வயதுப் பிள்ளை கட்டிய முடிச்சு அவிழ்ந்ததால் அண்ணன் செத்தான் என்று ஊருக்கே ஒரு காரணம் கிடைத்தது. எனக்கும் கிடைத்தது.

அப்போது எனக்கு நிச்சயமாகத் தெரியாது என்று வைத்துக்கொள். பத்து நாள் கழித்து அந்தச் சாக்கும் இல்லாமல் போனது. அனுமந்தன்பட்டிக்காரர் ஒருவர், ஆற்றோரத்தில் வாழை போட்டிருக்கிறவர், பையில் சுற்றி ஒன்றைக் கடைக்குக் கொண்டுவந்தார். "மோட்டார் போடப் போனேண்ணே. அங்கன நாணலுக்குள்ள ஒதுங்கிக் கெடந்துச்சு. தம்பியோடதான்னு பாருங்க" என்றார். இடது கால். நீலம். முன்னால் திணித்த பனியன் துணி இல்லை. தண்ணீர் உருவிக்கொண்டு போயிருக்கிறது. துணி போனதும் உள்ளே இடம் காலியாகிவிட்டது, கயிற்றுக்கு அடியிலேயே கால் நழுவி வெளியே வந்திருக்கிறது. கயிறு கோத்தபடி இருந்தது. அதில் நீ போட்ட முடிச்சு இருந்தது. அவிழவில்லை, இளகக்கூட இல்லை.

அதைப் பார்த்தவுடன் நான் வீட்டுக்கு ஓடி வந்து உன்னைத் தூக்கிக்கொண்டிருக்க வேண்டும். என்ன செய்தேன் தெரியுமா? ஒரு காலிப் பெட்டியில் வைத்து, மேல்தட்டில் விற்காத சரக்குக்கு அடியில் தள்ளிவிட்டேன். அந்த மனுஷனிடம், "வீட்டுல சொல்லாதீக, அவ தாங்க மாட்டா" என்றேன். உன் அம்மாவைக் காப்பாற்றுகிறேன் என்று அவர் நினைத்துக்கொண்டார். நான் காப்பாற்றியது என்னை. அந்த மதுரைக் கடைக்காரர் சொன்னது வேறு யார் காதிலும் விழவில்லை, எனக்கு மட்டும்தான் தெரியும், நான் வாய் திறக்காத வரைக்கும் நான் நல்ல தகப்பன்.

அதற்குப் பிறகு நீ முடிச்சே போடவில்லை. ஆறாம் வகுப்பில் லேஸ் வைத்த சூ கட்டாயம் என்றபோது, ஒட்டுகிற சூதான் வேண்டும் என்று இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தாய். பள்ளிக்கூடத்தில் போய்ப் பேசி அனுமதி வாங்கினேன். பூக்கட்டத் தெரியாத பொண்ணு என்று உன் அம்மா சொந்தக்காரர்களிடம் சொல்லிச் சிரிப்பாள், நீ சிரிக்க மாட்டாய். குச்சனூர் கோயிலுக்குப் போனபோது விளக்கேற்ற எள்ளுப் பொட்டலத்தைக் கட்டித் தரச் சொன்னதற்கு நீ கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றதைப் பார்த்தேன். காலேஜுக்குப் போகும்போதும் பக்கிள் வைத்த செருப்புதான். நீ கேட்பதற்கு முன்னாலேயே அந்த மாதிரிப் பெட்டிகளை எடுத்து வைத்துவிடுவேன். அதைப் பாசம் என்று நினைத்துக்கொண்டேன். நீ ஒரு நாள் கயிற்றைத் தொட்டுவிட்டு, "அப்பா, நான் நல்லாத்தான கட்டுனேன்?" என்று கேட்டுவிடுவாயோ என்கிற பயம் அது. நீ கேட்கவே இல்லை. உன் முகத்தைப் பார்க்க முடியாமல் காலைப் பார்த்தே பதினைந்து வருடம் பேசிவிட்டேன். உன் காலின் அளவு எனக்கு ஏன் இவ்வளவு துல்லியமாகத் தெரியும் என்று இப்போது உனக்கு விளங்கும்.

நீ கடல் படிப்புக்குப் போகிறேன் என்றபோது நான் வீடு இரண்டாகிற மாதிரிக் கத்தினேன். தட்டைத் தூக்கி எறிந்தேன். நீ பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாய். அன்றைக்கு அதை உன்மேல் வந்த கோபம் என்று நினைத்தேன். தண்ணீரைக் கண்டு பயந்து ஓட வேண்டியவள் நீ, நீயே அதைத் தேடிப் போகிறாய். பொய் சொல்லித் தப்பித்த நான் இங்கே பஸ் ஆற்றுப் பாலத்தில் ஏறும்போதெல்லாம் கண்ணை மூடிக்கொள்கிறேன். எனக்கு வெட்கமாக இருந்தது, அதுதான் கத்தினேன். மன்னித்துவிடு என்று எழுதக் கை வரவில்லை. நீ மன்னிக்க வேண்டாம். நீ கட்டியது அவிழவில்லை என்று நம்பினால் போதும்.

இன்னும் ஒன்றே ஒன்றுதான் சொல்ல வேண்டும், அதைத் தகப்பன் சொல்லாகக் கேள். கடலுக்குள்ளே எப்போதாவது ஒன்று கழன்றுவிட்டால் திரும்பிப் போகாதே. எவ்வளவு விலை கொடுத்து வாங்கியிருந்தாலும் சரி, யார் வாங்கித் தந்திருந்தாலும் சரி, நாசமாய்ப் போகட்டும் என்று விட்டுவிட்டு மேலே வா. அது போனால் உன்னை யாரும் வைய மாட்டார்கள். படகுக்கு வெறுங்காலோடு ஏறி வா.

எல்லாவற்றையும் ஞாயிற்றுக்கிழமையே உன் அம்மாவிடம் சொல்லிவிட்டேன். பெட்டியையும் இறக்கிக் கொண்டுபோய் முன்னால் வைத்தேன். அவள் திறக்கவில்லை. "இத்தன வருசமா?" என்று மட்டும் கேட்டாள். அதற்குப் பிறகு மூன்று நாளாக என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. சோறு போடுகிறாள், தட்டை நகர்த்துகிறாள், போய்விடுகிறாள். அவள் பேசாதது நியாயம்தான்.

இன்றைக்குக் காலையில் பார்சல் கட்ட உட்கார்ந்தேன். வந்து பக்கத்தில் உட்கார்ந்து பெட்டியைத் திறந்தாள். ரப்பர் வெடித்து, நீலம் வெளுத்துக் கிடக்கிறது. கொஞ்ச நேரம் மடியில் வைத்திருந்துவிட்டு அந்த முடிச்சை அவிழ்க்கப் பார்த்தாள். நகத்தால் நெம்பினாள், கொண்டை ஊசியை விட்டு நெம்பினாள், பல்லால் கடித்து இழுத்தாள். அது அசையவில்லை. நகம் ஒடிந்து விரலில் ரத்தம் வந்ததுதான் மிச்சம். அப்போதுதான் வாய் விட்டு அழுதாள். "பாவி மக, ஒம்பது வயசுல என்னமாக் கட்டிருக்கா பாருங்க" என்றாள்.

பெட்டியை மூடி, "இப்புடியே அனுப்புங்க" என்று என்னிடம் கொடுத்தாள். அப்படியேதான் அனுப்பியிருக்கிறேன். இப்போது பிரி, ஆத்தா. நீயும் இழுத்துப் பார்.

அப்பா